ஊசி போடுபவரும் அளப்பவரும்

ஜனவரி 6, திங்கள்

காலை பத்து மணிக்கு எங்கள் ஆய்வகத் தலைவர் நஸ்ரின் மேடம் எங்கள் மூவரையும் தன் அறைக்கு அழைத்தார். மூவர் என்றால் தவசிலிங்கம், விலங்கறையைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியம் அண்ணன், நான். புதிய சோதனை இந்த வாரம் தொடங்குகிறது. முப்பத்தாறு சுண்டெலிகள். பன்னிரண்டு கூண்டுகள், கூண்டுக்கு மூன்று. இருபத்துநான்கு எலிகளின் வலது பின்னங்காலில் சிக்குன்குனியா வைரஸ் போகும். மற்ற பன்னிரண்டுக்கு வெறும் உப்புநீர்.

மேடத்தின் கேள்வி ஒன்றுதான். கால் வீங்குவது வைரஸாலா, அல்லது வைரஸைத் தேடி வரும் நோய் எதிர்ப்புச் செல்களாலா? அதனால் வைரஸ் பெறும் எலிகளில் பாதிக்கு, சிடி4 என்ற ஒரு வகை எதிர்ப்புச் செல்லை உடம்பிலிருந்து அகற்றும் மருந்தை முன்கூட்டியே போடுவார்கள். மறுபாதிக்கு ஒன்றும் செய்யாத மருந்து. எந்தக் கூண்டுக்கு எது என்பது ஊசி போடும் தவசிக்குத் தெரியும். தினமும் வெர்னியர் அளவுகோலால் பாதத்தின் தடிமனை அளக்கும் எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கை தானாக ஒரு பக்கம் சாயும். வெர்னியரைக் கொஞ்சம் அழுத்தினாலோ தளர்த்தினாலோ பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் மாறிவிடும்.

போன சோதனையின்போது சாப்பிட்டுக்கொண்டே தவசி, "அந்த மூணாம் கூண்டு பாவம்" என்று சொல்லிவிட்டார். நான் அதை மேடத்திடம் சொன்னேன். மூன்றாம் கூண்டை விலக்க வேண்டியதாயிற்று. எனவே இந்த முறை இரண்டு வாரத்துக்கு நானும் அவரும் பேசவே கூடாது என்று விதி. அவர் காலை ஏழு முதல் ஒன்பது வரை எலிகளின் உள்ளறையில் இருப்பார். நான் மதியம் இரண்டு மணிக்கு. சாப்பாடும் வேறு வேறு நேரம். போனும் கூடாது.

"நிச்சயம் பண்ணின பொண்ணு மாப்பிள்ளையக்கூட இப்படிப் பிரிச்சு வைக்க மாட்டாங்க மேடம்" என்றார் ஆரோக்கியம் அண்ணன். மேடம் சிரித்தார். தவசி தரையைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன்.

இன்னொரு செய்தி. தவசியின் ஒப்பந்தம் ஜனவரி 31 அன்று முடிகிறது. இந்தச் சோதனையின் வீக்க அளவுகள் தெளிவாக வந்து, மாத இறுதிக்குள் அனுப்பப்பட்டால் திட்டத்துக்கு மூன்றாம் ஆண்டு அனுமதி கிடைக்கும். அதில் அவர் வேலையும் இருக்கும். இல்லையென்றால் இல்லை.

ஜனவரி 7, செவ்வாய்

ஒரு மணிக்குத் தனியாகச் சாப்பிட்டேன். வெண்டைக்காய் பொரியல் மிஞ்சிவிட்டது. இரண்டு வருடமாக இரண்டு பேருக்கு ஆகும் அளவில் செய்து பழகிவிட்டது. அளவைக் குறைக்க வேண்டும்.

ஜனவரி 8, புதன்

முதல் மருந்து இன்று போடப்பட்டது. பதிவேட்டில்: தவசிலிங்கம், உள்ளே 7.05, வெளியே 8.50. காற்றோட்ட எந்திரம் ஓடிய நேரத்தோடு ஒத்துப்பார்ப்பதற்காகக் குறித்துக்கொள்கிறேன்.

ஜனவரி 10, வெள்ளி

இன்று வைரஸ். தவசி: உள்ளே 7.00, வெளியே 9.20. வழக்கத்தைவிட அரை மணி அதிகம். முப்பத்தாறு கால்கள் என்றால் ஆகத்தான் செய்யும்.

மதியம் என் முதல் அளவீடு. உள்ளறைக்குப் போகும் முறையை இதுவரை எழுதியதில்லை, எழுதிவைக்கிறேன். உடை முழுவதும் மாற்ற வேண்டும். இரட்டைக் கையுறை, தலையை மூடும் முகக் கவசம். உள்ளே போன காகிதம் எதுவும் வெளியே வரக் கூடாது. எனவே அளவை இன்டர்காமில் நான் உரக்கச் சொல்வேன். வெளியே மேசையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு நோட்டில் எழுதுவார். வெளியே வரும்போது தலை முழுகிக் குளிக்க வேண்டும். அதனால் வேலை நாள்களில் என் தலை மாலை ஆறு மணி வரை காய்வதில்லை.

மற்ற சோதனைகளில் வெளியே உட்கார்ந்து எழுதுபவர் தவசி. நான் "ஒன்று புள்ளி ஒன்பது இரண்டு" என்றால் அவரும் அப்படியே, அதே நிதானத்தில், "ஒன்று புள்ளி ஒன்பது இரண்டு" என்பார். இரண்டு பேருடைய எண்ணும் ஒன்றாக இருந்தால் அடுத்த எலி. இப்போது ஆரோக்கியம் அண்ணன். அவர் "ம், போட்டாச்சு" என்கிறார். எண்ணைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று நான்கு முறை கேட்க வேண்டியிருந்தது. "ஏம்மா, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். நம்பிக்கை இல்லாமல் இல்லை. திரும்பக் கேட்டால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

எல்லாப் பாதங்களும் 1.8க்கும் 2.0க்கும் இடையில்.

ஜனவரி 11, சனி

உள்ளே 7.10, வெளியே 8.30.

ஜனவரி 12, ஞாயிறு

உள்ளே 7.10, வெளியே 8.35. ஞாயிறாக இருந்தாலும் எலிகளுக்கு விடுமுறை இல்லை.

பொங்கலுக்குப் பரமக்குடி வரவில்லையா என்று தங்கை போன் செய்தாள். அளவீடு இருக்கிறது என்றேன். எலியை அளக்க வேறு ஆளே இல்லையா என்று கேட்டாள். அளக்கும் கை நடுவில் மாறக் கூடாது என்று விளக்கினேன். நாற்பத்து மூன்று வயதில் பண்டிகை நாளில் எலிக்காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே ஆள் நீதான் என்றாள். இன்னொருவர் இருக்கிறார் என்று சொல்ல வந்து, சொல்லவில்லை.

ஜனவரி 13, திங்கள்

போகி. காலையில் புகை. கண் எரிச்சல்.

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். கூண்டின் அடியில் மக்காச்சோளச் சக்கைத் துகள் பரப்பியிருக்கும். கூடு கட்டிக்கொள்ள ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு டிஷ்யூ பேப்பர் போடுவோம். ஒன்றே ஒன்றுதான், எல்லாக் கூண்டுக்கும் ஒரே மாதிரி. இன்று மதியம் 2, 5, 7, 11 ஆகிய நான்கு கூண்டுகளில் இரண்டு இரண்டு இருந்தன. இரண்டாவது பேப்பர் கசக்கிப் போட்டதில்லை. நான்காக மடித்து, ஒரு மூலையை உள்ளே திருப்பி, துகளின் மேல் மெத்தை மாதிரி விரித்திருந்தது.

அந்த மூலையைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றேன். ஆரோக்கியம் அண்ணன் வெளியிலிருந்து, "என்னம்மா, லைன்ல இருக்கியா?" என்று கேட்டார்.

வீக்கம் இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. ஆறாம் நாள்தான் அது உச்சத்துக்கு வரும். துகள் குத்தி எந்த எலிக்கு வலிக்கப்போகிறது என்று முன்பே தெரிந்தவர் செய்த வேலை இது. மேடத்தின் சந்தேகம் சரியென்றால், எதிர்ப்புச் செல்கள் அகற்றப்படாத எலிகள் இந்த நான்கு கூண்டுகளில்தான் இருக்கின்றன.

நான் எதையும் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அளவுகளைச் சொல்லி முடித்து வெளியே வந்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வளாகத்தில் ஆள் இல்லை. காவலர் மேசையில் எனக்கென்று ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. உள்ளே சர்க்கரைப் பொங்கல், முந்திரி கொஞ்சம் கருகியிருந்தது. யார் கொடுத்தது என்று காவலர் சொன்னார். சொல்லியிருக்கத் தேவையில்லை. இது பேச்சில் சேருமா என்று யோசித்தேன். சோதனையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சாப்பிட்டேன்.

டப்பாவை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பதால் சீனி போட்டுக் காவலரிடம் கொடுத்தேன்.

தவசியின் மனைவி இறந்து ஆறு வருடமாகிறது, தானே சமைக்கிறார். வெல்லம் அதிகம், நெய் போதாது. ஒப்பந்தம் நீடித்தால் அடுத்த பொங்கலுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

அளவுகள்: சில கால்கள் 2.3.

ஜனவரி 15, புதன்

விதிப்படி ஒவ்வொரு பாதத்தையும் மூன்று முறை அளந்து நடுவில் வரும் எண்ணைச் சொல்ல வேண்டும். ஏழாம் கூண்டின் முதல் எலியை இன்று ஐந்து முறை அளந்தேன். வெர்னியர் வழுக்கியது.

ஜனவரி 16, வியாழன்

ஆறாம் நாள். வீக்கம் தெளிவாகத் தெரிகிறது. 2, 5, 7, 11 கூண்டுகளில் எல்லாம் மூன்றைத் தாண்டிவிட்டது. எலிகள் வலது காலைத் தூக்கிக்கொண்டு நடக்கின்றன. இரண்டாவது பேப்பரின் மேல் மூன்றும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வேறு நான்கு கூண்டுகளில் 2.3, 2.4. மீதி நான்கில் வீக்கமே இல்லை, அவை உப்புநீர் எலிகளாக இருக்கும்.

ஆரோக்கியம் அண்ணனுக்கு எண்களைக் கேட்டே விஷயம் விளங்கிவிட்டது. குளித்து வந்ததும் சொன்னார்: "எனக்கு 2006ல வந்துச்சு. இன்னைக்கும் மார்கழின்னா முட்டி மடங்காது. வந்த திருடன் அப்பவே போயிட்டான்மா. புடிக்க வந்த போலீசுதான் இன்னும் வீட்ட உடைச்சுக்கிட்டு இருக்கு."

மேடம் போனில் மிகுந்த மகிழ்ச்சியாகப் பேசினார். நாளையும் இப்படியே வந்தால் திங்களன்று அறிக்கையைத் தொடங்கலாம், தவசியை விடாமல் பிடித்து வைக்கலாம் என்றார்.

உள்ளே 7.00, வெளியே 9.05.

ஜனவரி 17, வெள்ளி

ஏழாம் கூண்டு, இரண்டாவது எலி. மூன்று முறை அளந்தேன். இன்டர்காமில் சொன்னேன். இன்று ஆரோக்கியம் அண்ணன் நான் கேட்காமலே திருப்பிச் சொன்னார்: "மூணு புள்ளி ரெண்டு நாலு."

வெர்னியரின் சின்னத் திரையைப் பார்த்தேன். 3.14.

"ஒன்று நாலு" என்று திருத்தினேன். அடித்து எழுதினார். "நீதாம்மா ரெண்டுன்னு சொன்ன" என்றார். நான்தான் சொன்னேன். கண் 3.14 என்று பார்த்தது, வாய் 3.24 என்று சொன்னது. பதினேழு வருடமாக அளக்கிறேன். இதுவரை நடந்ததில்லை.

முந்தைய நான்கு நாள் எண்களில் எத்தனை இப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது. அப்போதெல்லாம் அவர் "ம், போட்டாச்சு" என்றுதான் சொன்னார்.

ஜனவரி 18, சனி

மேடத்திடம் சொன்னேன்.

காலை ஒன்பதரைக்கு அவர் அறைக்குப் போனேன். எட்டு மணிக்கே போயிருக்கலாம். வழியில் துணி துவைக்கும் பவுடர் வாங்கினேன். அது அவ்வளவு அவசரமில்லை.

நான்கு கூண்டுகள், இரண்டாவது பேப்பர், பதின்மூன்றாம் தேதியே தெரிந்தும் சொல்லாதது, 3.24 எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மேடம் குறுக்கிடவில்லை. பேப்பரே வீக்கத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ இருக்கலாம் என்பதை அவராகவே சொல்லிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"பேப்பரை ஆரோக்கியம்கூட வெச்சிருக்கலாமே. தவசிதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"மடிப்பு மேடம்."

"டிஷ்யூ பேப்பர்ல என்ன மடிப்பு?"

"எதை மடிச்சாலும் ஒரு மூலையை உள்ள திருப்பி விடுவார். சாப்பாட்டு மேசையில பேப்பர், கைக்குட்டை, பஸ் டிக்கெட். எல்லாமே."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். 3.14ஐ 3.24 என்று சொல்லத் தோன்றியது ஏன் என்று கேட்டார். நான் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

"இதைச் சொன்னா என்ன ஆகும்னு தெரியும்தானே ஈஸ்வரி?"

தெரியும் என்றேன்.

ஜனவரி 20, திங்கள்

அளவுகள் அனைத்தும் நீக்கப்பட்டன. எலிகளைச் சனிக்கிழமையே முடித்துவிட்டோம். தசைத் துண்டுகளும் இரத்தமும் எடுத்து, கூண்டு எண் தெரியாத வெளியூர் நிபுணர் ஒருவருக்கு மேடம் அனுப்பியிருக்கிறார். அதில் என் கையும் இல்லை, தவசியின் கையும் இல்லை. வீக்க அளவீட்டை மட்டும் புதிய எலிகளோடு மார்ச்சில் மறுபடி செய்ய வேண்டும். மாத இறுதிக்குள் அனுப்ப ஒன்றும் இல்லை.

விதிமீறல் படிவம் பூர்த்தி செய்தேன். படிவம் ஆங்கிலம், தமிழில் எழுதலாம் என்றார் மேடம். முதல் பக்கம் புகார் செய்பவருக்கு. என்ன நடந்தது, எப்போது, யார். 'அவர்தான் என்பதை எப்படி அறிந்தீர்கள்' என்று ஒரு கட்டம். "அவர் மடிக்கும் விதம் எனக்குத் தெரியும்" என்று எழுதினேன். ஐந்து சொற்கள் போதாது என்று தோன்றியது. மேலும் எழுத இடம் இருந்தது. எழுதவில்லை.

இரண்டாம் பக்கம் குறிப்பிடப்பட்டவருக்கு. முதல் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் அவர் அதை நிரப்ப முடியும்.

ஜனவரி 22, புதன்

சோதனை முடிந்துவிட்டதால் பேசக் கூடாது என்ற விதி இப்போது இல்லை. ஒரு மணிக்குச் சாப்பாட்டு மேசைக்குப் போனேன். ஆரோக்கியம் அண்ணன் மட்டும் இருந்தார். தவசி வெளியே சாப்பிடப் போய்விட்டார் என்றார்.

ஜனவரி 23, வியாழன்

இன்றும்.

ஜனவரி 24, வெள்ளி

தாழ்வாரத்தில் எதிரே வந்தார். நின்றோம். ஹைதராபாத்தில் தடுப்பூசி தயாரிக்கும் இடம் ஒன்றில் விலங்கறை வேலை கிடைத்திருக்கிறது, பிப்ரவரி பத்தாம் தேதி சேர வேண்டும் என்றார். நல்லது என்றேன். ரயில் டிக்கெட் கிடைத்ததா என்று கேட்டேன். கேட்க எவ்வளவோ இருக்க, அதைக் கேட்டேன். மூன்றாம் தேதிக்குக் கிடைத்திருக்கிறது என்றார்.

கோபமா என்று கேட்கவில்லை. கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. என்னைப் பார்க்கும்போது அவர் ஏதோ எண்ணைத் திரும்பச் சரிபார்ப்பவர் போல இருந்தார்.

ஜனவரி 27, திங்கள்

நிபுணரின் முடிவு வந்தது. மேடம் மூவரையும் அழைத்துத் திரையில் காட்டினார். எதிர்ப்புச் செல் உள்ள எலிகளின் கால் தசையில் நீலப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. அத்தனையும் எதிர்ப்புச் செல்கள். தசை நார்கள் அங்கங்கே அறுந்திருந்தன. சிடி4 அகற்றப்பட்ட எலிகளின் இரத்தத்தில் வைரஸ் அதிகம். ஆனால் தசை ஏறக்குறைய ஒழுங்காக இருந்தது.

"வைரஸ் கூட இருக்கிற கால் நல்லா நடக்குது. வைரஸ் குறைஞ்ச கால் நொண்டுது" என்றார் மேடம். "செல்களை ஒரேயடியா எடுத்துடவும் முடியாது. வைரஸ் தங்கிடும். அளவாத்தான் விடணும். எவ்வளவு அளவுங்கிறதுக்குத்தான் மூணாம் வருஷம்."

மூன்றாம் வருட அனுமதி தாமதமாகும், ஜூன் ஆகலாம் என்றார். அதற்குள் தவசியின் இடத்துக்கு யாரையும் எடுக்க முடியாது, அவரையும் இருத்திவைக்க முடியாது.

அறையில் நான்கு நாற்காலிகள். தவசி எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருபத்தொரு நாளில் இதுதான் மிக அருகில். டெட்டால் சோப்பு வாசனை. காலையில் அவர் உள்ளறைக்குப் போய்வந்திருக்க வேண்டும். கூண்டுகள் காலி. எதற்குப் போனார் என்று தெரியவில்லை. பதிவேட்டைப் பார்த்தேன். உள்ளே 7.00, வெளியே 8.50. காரணம் என்ற இடத்தில் "சுத்தம் செய்தல்" என்று இருந்தது.

ஜனவரி 29, புதன்

புடலங்காய் கூட்டு. இரண்டு பேருக்கு ஆகும் அளவு. மாற்ற முடியவில்லை, விட்டுவிட்டேன்.

ஜனவரி 30, வியாழன்

மாலை நான்கு மணிக்குத் தவசி என் மேசைக்கு வந்தார். கையில் படிவம். நாளைக்குள் கோப்பில் சேர வேண்டும், கடைசிக் கையெழுத்து உங்களுடையதுதான் என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நிதானமா படிங்க" என்றார். "அவசரமில்ல."

இரண்டாம் பக்கத்தை அவர் கையால் நிரப்பியிருந்தார். எழுத்து பெரிது, வரிகள் நேர். இங்கே அப்படியே படியெடுத்து வைக்கிறேன்.

நடந்ததாகச் சொல்லப்படுவது உண்மையா?
உண்மை.

காரணம்?
அந்த நான்கு கூண்டுகளிலும் ஆறாம் நாள் கால் ஊன்ற முடியாமல் போகும் என்று எனக்குத் தெரியும். துகள் குத்தும். அதனால் பேப்பர் விரித்தேன். வாயால் சொன்னால்தான் பேச்சு என்று நினைத்துவிட்டேன். அளப்பவர் என் மடிப்பை அறிவார் என்று எனக்குத் தெரியாது.

இனி இது நிகழாமலிருக்க நீங்கள் பரிந்துரைப்பது?
ஊசி போடுபவரும் அளப்பவரும் ஒருவர் கையை ஒருவர் அறியாதவர்களாக இருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் இனி அது முடியாது. எனவே எந்தச் சோதனையிலும் எங்களை இப்படிப் பிரித்து நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதன் கீழே மேடத்தின் கையெழுத்து இருந்தது. ஏற்கப்பட்டது என்று எழுதியிருந்தார்.

இரண்டு முறை படித்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். நாளையோடு அவருக்கு இங்கே எந்தச் சோதனையும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே தோட்டக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்தின் அடியில், புகார் செய்தவர் "படித்தேன், ஒப்புகிறேன்" என்று தன் கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

எழுதினேன். கையெழுத்திட்டேன். தேதி போட மறந்துவிட்டேன். அவர் என் பேனாவை வாங்கி, என் பெயருக்குப் பக்கத்தில் தேதியை எழுதினார்.